சிவசைலம் சாருக்கு ஒரு நன்றியுரை

நூலகர் டாக்டர் சிவசைலம் ஓய்வுபெற்ற நாளன்று, கழுத்து நிறைய மாலையும் தோள் நிறைய சால்வையுமாகப் பல்கலைக்கழக நூலகத்தின் முன்வாசலில் வந்து நின்று, காரில் காத்திருந்த மனைவியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, வலது காலைத் தூக்கி நிலைப்படிக்கு வெளியே வைத்தார். அந்தக் கால் உள்ளே வந்து நின்றது. இடது காலையும் எடுத்து வைத்தார், அதுவும் உள்ளே வந்தது. வெளியே பார்த்து நடந்த மனிதர் உள்ளே பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரும், கவுண்டருக்குப் பின்னால் உதவி நூலகர் தங்கபுஷ்பமும் இருந்தார்கள்.

"சாருக்குப் போக மனசு வரல பாத்தீங்களா," என்று யாரோ சொல்ல, வழியனுப்ப வந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. சிவசைலமும் சிரித்தார். திரும்பி மறுபடி நடந்தார். மறுபடி உள்ளே வந்தார். அதற்கடுத்த தடவை அவர் சிரிக்கவில்லை, அதற்கும் அடுத்த தடவை கூட்டமும் சிரிக்கவில்லை, சால்வை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து நழுவி வாசலில் விழ, அவர் போவதும் வருவதுமாக, வருவதும் போவதுமாக இருந்தார்.

தங்கபுஷ்பம் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. விழாவில் நன்றியுரை சொன்னவள் அவள்தான்.

அவள் புருஷன் ஜெபமணி அதே நூலகத்தில், தற்காலிக ஊழியராக, வாசிப்புக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மத்தியானச் சோற்றுக்கு மேல் மேசையில் கவிழ்ந்து தூங்கும் மாணவர்களை அவர் எழுப்ப மாட்டார். கன்னத்துக்கு அடியில் கிடக்கும் புத்தகத்தை மட்டும், எச்சில் படாதபடிக்கு, நோகாமல் உருவி எடுத்து வைத்துவிட்டு, மேலே ஓடும் மின்விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார். மணி அண்ணன் என்றால் மூன்று தலைமுறை மாணவர்களுக்குத் தெரியும். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு பல வருஷம் பல மேசைகளில் தூங்கி, கடைசியில் ஒருநாள் விழித்துக்கொண்டு சிவசைலத்தின் மேசைக்கு வந்தது. அந்த இடத்தைச் சிவசைலம் தன் மச்சினன் மகனுக்கு என்று ஏற்கெனவே மனதில் முடித்து வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் எல்லோருடைய பையையும் சோதிக்கச் சொல்லி வாசலில் ஒரு மேசை போடப்பட்டது. ஜெபமணியின் சாப்பாட்டுப் பைக்குள், தூக்குவாளிக்கு அடியில், கோயில் சிற்பங்களைப் பற்றிய விலை கூடிய பழைய புத்தகம் ஒன்று இருந்தது. சுற்றிலும் மாணவர்கள் நின்றார்கள். அவர் விசிறியைக் கூட்டி வைத்துத் தூங்கவிட்ட பிள்ளைகள். சிவசைலம் குரலை உயர்த்தவே இல்லை. "வெளிய போப்பா," என்றார். "போலீசுக்குச் சொல்லாம விடுறேன். உன் பொண்டாட்டி இங்க வேலை பாக்குறா, அந்த முகத்துக்காக."

அந்தப் பையைக் காலையில் கட்டியவள் தங்கபுஷ்பம். ஊழியர்கள் சாப்பிடும் அறைப்பக்கமே எட்டிப் பார்க்காத சிவசைலம், அன்று மத்தியானம் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவளும் அவள்தான். சொல்லிப் பார்த்தாள். புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்லும் சாட்சியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் ஜெபமணி எப்போதும்போலக் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலை வாரி, வீட்டு வாசல்வரை வந்தார். வந்தவர் நின்றார். "நாளைக்குப் போறேன் புஷ்பம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கடுத்த நாளும் குளித்தார், தலை வாரினார், வாசல்வரை வந்தார், நாளைக்குப் போகிறேன் என்றார். முடி வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்தார். திருவிருந்து கொடுக்க சர்ச் ஐயர் வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தெருவில் கல்யாணம், எதிர்வீட்டில் சாவு, எதற்கும் அவர் இறங்கவில்லை. வருஷக்கணக்காக அந்த மனுஷன் தலை வாரிக்கொண்டு வாசல்வரை வந்து வந்து திரும்பி, கடைசியில் ஒருநாள் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகத்தான் அந்தப் படியைத் தாண்டினார். அடக்கத்துக்குப் பல்கலைக்கழக ஜீப்பில் சிவசைலமும் வந்திருந்தார். மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே, "லீவு ரொம்ப எடுத்துடாதம்மா, பரீட்சை நேரம்," என்றார்.

தங்கபுஷ்பம் வேலைக்கு வந்தாள். குட் மார்னிங் சார் என்றாள். பை சோதித்த மேசை அவள் கவுண்டருக்கு எதிரிலேயே கிடந்தது, அதைப் பார்த்தபடியே புத்தகம் கொடுத்தாள், வாங்கினாள், அபராதம் போட்டாள், படி ஏறி உதவி நூலகரும் ஆனாள். உள்ளே ஒன்று, அடுப்பில் வைத்து மறந்துபோன பால்மாதிரி, சத்தமில்லாமல் காய்ந்துகொண்டே இருந்தது.

சிவசைலத்தின் பிரிவுபசார விழாவுக்கு நன்றியுரை யார் என்று கேட்டபோது, ஒருநாளும் மைக்கைத் தொடாத தங்கபுஷ்பம் தானாகக் கையைத் தூக்கினாள். பதிவாளரும் பேராசிரியர்களும் பேசி முடித்த பிறகு எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"சார் இந்த நூலகத்துக்குச் செஞ்சது எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "எங்க குடும்பத்துக்குச் செஞ்சது எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும். அதுக்குப் பதிலாக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வேண்டுதல்தான். சார் இந்த வாசலைத் தாண்டிப் போகக் கூடாது. நாங்க எல்லாரும் வருவோம், போவோம். சார் ஒரு நாளும் இங்கேர்ந்து போகவே கூடாது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு அதிகாரிக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும் என்றார் பதிவாளர். சிவசைலம் மட்டும் தங்கபுஷ்பத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார்.

பிறகுதான் அந்த வாசல்.

பின்வாசலில் முயன்றார்கள், அது முன்வாசலைப்போலவே செய்தது. ஜன்னல் கம்பியை அறுத்து ஏணி வைத்து இறக்கினார்கள், கடைசிப் படியில் கால் வைத்தவர் பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறைக்குள் நின்றார். தீயணைப்புப் படைக்காரர்கள் வந்து நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெளியே போய் இறக்கிப் பார்த்தால் நாற்காலி இருந்தது, கட்டிய கயிறு முடிச்சு அவிழாமல் இருந்தது, உள்ளே சிவசைலம் நின்றுகொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. அடுத்த வாரம் பாதிக் கூட்டம். அதற்கும் பிறகு பரீட்சை வந்துவிட்டது, பரீட்சைக்குப் பிறகு சேர்க்கை வந்துவிட்டது, ஓய்வுபெற்ற ஒருவர் அரசுக் கட்டடத்தில் தங்கலாமா கூடாதா என்ற கேள்வி ஆட்சிக்குழுவுக்குப் போய், கூடாது என்று முடிவாகி, முடிவின் நகல் அவர் கையிலேயே கொடுக்கப்பட்டு, அவர் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அங்கேயே இருந்தார். பிறகு யாரோ ஒரு புத்திசாலி குமாஸ்தா அவருக்கு வெளி வாசகர் என்று ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்ததில் சட்டச் சிக்கல் தீர்ந்தது. பொறியியல் பிரிவு படிக்கட்டுக்கு அடியில் ஒரு குளியலறை கட்டியது. தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது என்ன எழுதுவதென்று தெரியாமல், நூலகத்தின் சிறப்பம்சங்கள் என்ற இடத்தில், குளிரூட்டப்பட்ட கணினி அறைக்குக் கீழே, அவரையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனது. தற்காலிக ஊழியர்கள்தான் அவரை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். வேலையைவிட்டு யாராலும் வெளியேற்ற முடியாத ஒரே மனிதர் அவர் என்பதால், தோட்டவேலைக்காரர்களும் விடுதிச் சமையற்காரர்களும் ஒப்பந்த விரிவுரையாளர்களும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, அவர் பார்க்காத நேரத்தில் அவருடைய நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கபுஷ்பம் கையிலிருக்கும் பேரேட்டில் குனிந்துகொள்வாள். தொடட்டும் என்று விட்டுவிடுவாள்.

புது நூலகரைப் போடும்வரை பொறுப்பு நூலகராக அவளையே போட்டார்கள். புது நூலகரைப் போடவில்லை. நூலகரின் அறையில் ஒருவர் துவைக்காத துண்டோடு உட்கார்ந்திருப்பது எந்த விண்ணப்பதாரருக்கும் பிடிக்கவில்லை. ஜெபமணியின் இடத்துக்கு வந்திருந்த மச்சினன் மகன் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிர்வாகக் கட்டடத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பொறுப்பு ஏற்ற நாளில் தங்கபுஷ்பம் அவரிடம் போனாள்.

"அறை எனக்கு வேணும் சார்."

"நான் எங்கம்மா போவேன்?"

"வாசல்ல ஒரு மேசை கிடக்குல்லா சார். பை பாக்குற மேசை. காத்து நல்லா வரும்."

அவர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. துண்டையும் பல்துலக்கும் குச்சியையும் எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். வெளியே போகிற ஒவ்வொருவரும் அந்த மேசையில் பையை வைத்துத் திறந்து காட்டிவிட்டு, அவரைத் தாண்டி, வெயிலுக்குள் இறங்கிப் போனார்கள். முன்கதவைப் பகல் முழுக்கத் திறந்தே வைக்கும்படி காவலாளி சுடலைக்கண்ணுவுக்கு அவள் உத்தரவு போட்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் போர்டிகோ தெரியும், வாகைமரம் தெரியும், பஸ் வந்து திரும்பும் இடம் தெரியும். மழை பெய்தால் சாரல் அவர் செருப்புவரை வரும். அவரால் அதற்கு மேல் போக முடியாது.

சாயங்காலம் கைப்பையை மாட்டிக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் நிற்பாள்.

"வீட்டுக்குப் போயிட்டு வாரேன் சார். நீங்க கிளம்பலியா?"

ஒரு நாளும் தவறாமல் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்காமல், நிலைப்படியைத் தேவைக்கு மேல் மெதுவாகத் தாண்டுவாள். அவளுக்கு அது இனித்தது. இனிக்கவில்லை என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஆரம்பத்தில் நீ வா போ என்று பேசிக்கொண்டிருந்தவர் நாளாக நாளாக நீங்க என்றார், மேடம் என்றார். அதுவும் இனித்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தால் இறங்காது. அரைச் சோறு மிஞ்சும், நாய்க்குப் போடுவாள்.

சிவசைலத்தின் மனைவி ஆவுடைநாயகி தினமும் மத்தியானம் சோறு கொண்டுவருவாள். பல்கலைக்கழகம்வரை காரில் வருவாள், காரைவிட்டு இறங்கும்போதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள், யார் முகத்தையும் பார்க்காமல் வந்து அவருக்குப் பரிமாறிவிட்டுப் போவாள். மகளுக்குத் தென்காசியில் கல்யாணம் குறித்தபோது அவள் முதல்முறையாகத் தங்கபுஷ்பத்தின் அறைக்கு வந்தாள். யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ, நேராகவே கேட்டாள்.

"நீங்க சொன்னதுதானாம். நீங்க சொன்னா விடுமாம். ஒரே ஒரு நாள் விடுங்க மேடம். தாரை வார்க்க அப்பா இல்லாமயா?"

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல."

"அப்ப போயிட்டு வாங்க," என்றாள் தங்கபுஷ்பம்.

கல்யாணம் நடந்தது. பெரியப்பா தாரை வார்த்தார். மறுநாள் மணக்கோலத்தோடு பெண்ணும் மாப்பிள்ளையும் நூலகத்துக்கு வந்து, மாணவர்கள் பையோடு வரிசையில் நிற்க, மேசைக்கு அடியில் குனிந்து அவர் காலைத் தொட்டார்கள். அவர் மாப்பிள்ளையைத் தடவிக்கொடுத்து, மகளுடைய தலையில் கை வைத்து, அழுதார். வாசிப்புக்கூடத்தில் லட்டு கொடுத்தார்கள். தங்கபுஷ்பம் கைநீட்டி வாங்கி, அவர் பார்க்கவே முழுசாகத் தின்றாள்.

காருக்குப் போன ஆவுடைநாயகி திரும்பி வந்தாள். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பெத்த தகப்பன் அழுறதப் பாத்தும் உங்களுக்கு மனசு இளகல. அப்படி என்ன செஞ்சாரு எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு?"

"அவர்ட்டயே கேளுங்க."

"கேட்டேன். ஒண்ணுமில்லங்காரு."

"அப்ப ஒண்ணுமில்லதான்."

அன்றிலிருந்து ஆவுடைநாயகி சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் கேட்க ஆரம்பித்தாள். என்ன செஞ்சீங்க? ஒண்ணுமில்ல. திறந்து போடுவாள். மறுநாளும் கேட்பாள். சாம்பார் நாளிலும் கேட்டாள், அமாவாசை விரதத்திலும் கேட்டாள், வெயில் காலம் போய்க் காற்று அடிக்கும் காலம் வந்து, பொட்டலிலிருந்து செம்மண் பறந்து மேசையெல்லாம் படிந்த நாட்களிலும் கேட்டாள். ஒண்ணுமில்ல என்றே சொன்னார். பரீட்சைக்கு முந்தின வாரம், வாசிப்புக்கூடத்தில் உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் படிக்கட்டுவரை நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் பாத்திரத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்குச் சொன்னாத்தான் சோறு."

அவர் வெளியே பார்த்தார். பஸ் ஒன்று வந்து, திரும்பி, போயிற்று. பிறகு அவள் காதுப்பக்கம் குனிந்து சொல்ல ஆரம்பித்தார்.

"கேக்கல சார்," என்றாள் தங்கபுஷ்பம் கவுண்டரிலிருந்து.

"இது வாசிப்புக்கூடம் மேடம். பிள்ளைங்க படிக்குது."

"அன்னைக்கும் பிள்ளைங்க நின்னுச்சு சார்."

சிவசைலம் எழுந்தார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேலைபார்த்த காலமெல்லாம், ஒரு நாற்காலி இழுபட்டால்கூட அறையிலிருந்து வெளியே வந்து முறைத்த மனிதர், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, குரல் உடைந்து கத்தினார்.

"ஜெபமணி திருடல! அந்தப் புஸ்தகத்த அவன் பையில வச்சது நான். அந்த வேலை என் மச்சினன் மகனுக்கு வேணும்னு வச்சேன். அவன் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல. தலையக் குனிஞ்சிட்டுப் போனான். திருடல அவன். நான்தான் வச்சேன்."

படிக்கட்டிலிருந்த பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வரிசையில் நின்ற ஒருத்தி மேசைமேல் வைத்திருந்த தன் பையை மெல்ல எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாற்காலியைத் தொட்டுக் கும்பிட வந்திருந்த தோட்டக்காரர் ஒருவர், நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"சரி சார். நீங்க போலாம்."

அவர் நிலைப்படிக்குப் போனார். வலது காலைத் தூக்கினார், தூக்கியபடியே கொஞ்சம் நின்றார், வெளியே வைத்தார். அது வெளியிலேயே இருந்தது. பாதத்தின்மேல் வெயில் விழுந்தது. மகள் கல்யாணத்துக்கு முந்திய காலத்திலிருந்து வெயில் காணாத அந்தப் பாதம் வெளுத்து, நரம்போடி, யாருடையதோபோல இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

போர்டிகோவில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். வாகைமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு நின்றார்கள். சேதி அவருக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டிருந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. சும்மா பார்த்தார்கள். அந்த வழி நெடுக, கார்வரைக்கும், காரைத் தாண்டிச் சாலைவரைக்கும், சாலையிலிருந்து ஊருக்குள்ளும் தெருவுக்குள்ளும் வீட்டுவாசல்வரைக்கும் அந்தப் பார்வைதான் இருந்தது.

சிவசைலம் காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"வாசல் விட்டுடுச்சுல்லா," என்றாள் ஆவுடைநாயகி. "வாங்க."

"நாளைக்கு வாறேன்," என்றார் அவர்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள், மூடியைத் திறக்கவில்லை. தங்கபுஷ்பத்திடம் வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்தாமல், தலை நிமிர்ந்து, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். மறுநாள் அவள் வரப்போவதில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

சாயங்காலம் தங்கபுஷ்பம் கைப்பையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நல்ல பசி. இத்தனை காலத்தில் இப்படிப் பசித்ததே இல்லை, காது அடைத்துக்கொண்டு வந்தது. மேசைக்கு முன்னால் வந்தபோது அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"மேடம். நீங்க சொல்லுங்க. நான் எப்படிப் போறது? கால் போகுது. ஆனா எப்படிப் போறது?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக சாகுற மட்டும் அதைத்தான் சார் யோசிச்சாக. தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாக."

அவள் நிலைப்படியைத் தாண்டி, வெளியே நின்ற சுடலைக்கண்ணுவிடம் வந்தாள். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இனிமே கதவைப் பூட்ட வேண்டாம்."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்," என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற சத்தம் கேட்டு, அவள் வேகமாகப் படியிறங்கினாள்.